உங்க கலெக்‌ஷன் எப்போ முடியும்? துப்பாக்கிச் சட்டமும் காரைக்குடி எனாமல் கேரியரும்

வீடியோல நேரம் பத்தாம விட்டுட்ட ஒரு விஷயத்தை இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

என்கிட்ட டாக்ஸ் ஃபைல் பண்ற ஒருத்தர். வயசு 29, பெங்களூருல ஐ.டி. வேலை, சொந்த ஊர் காரைக்குடி பக்கம். அவரோட அப்பாகிட்ட லைசென்ஸோட 3 துப்பாக்கி இருந்துச்சு. அதுல ஒண்ணு தாத்தா வழியா வந்த இரட்டைக்குழல். யாரும் அதைச் சுட்டதில்ல. ஆனா வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைச்சு வைப்பாங்க.

1959 ஆயுதச் சட்டப்படி ஒருத்தர் 3 துப்பாக்கி வரை வச்சுக்கலாம்னு இருந்துச்சு. 2019 டிசம்பர்ல வந்த திருத்தம் அதை 2-ஆக் குறைச்சிடுச்சு. (மசோதாவுல முதல்ல 1-னுதான் இருந்துச்சு. எதிர்ப்பு வந்த பிறகு 2 ஆச்சு.) தாத்தா சொத்தா வந்ததுக்கும் இதே கணக்குதான். மூணாவதை ஒரு வருஷத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். அப்பா இரட்டைக்குழலை வச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கொடுத்தார்.

உங்க வீட்டுப் பரண்லயும் தாத்தாவோட துப்பாக்கி இருக்கலாம். லைசென்ஸ் அவர் பேர்ல மட்டும் இருந்து, அவர் இறந்த பிறகும் யாரும் மாத்தலைன்னா, அது நினைவுப் பொருள் இல்ல, கேஸ். ரிப்பேர் பண்ணாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்குச் சட்டத்துல விலக்கு இருக்கு. ஆனா உங்க வீட்டுது அந்த வகையான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. முறையாக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க.

ஆக, அப்பாவோட கலெக்‌ஷனைச் சட்டம் முடிச்சு வச்சிடுச்சு. பையனோட கலெக்‌ஷனை முடிச்சு வைக்கத்தான் யாரும் இல்ல.

பையன் சேர்த்தது எனாமல் சாமான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவங்களுக்குத் தெரியும். ஸ்வீடன்ல செஞ்ச எனாமல் கேரியர், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், பித்தளை அண்டா, மரப்பெட்டின்னு தரையில இருந்து கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருப்பாங்க. இதெல்லாம் செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த சரக்கு. அந்தக் காலத்துல பொண்ணு பொறந்ததும் சீர் சாமான் சேர்க்க ஆரம்பிப்பாங்க. பர்மா, மலாயான்னு கொண்டுவிக்கப் போனவங்க கப்பல்ல அனுப்பி வைப்பாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, டஜன் கணக்குல. கல்யாணத்துல சாமான் பரப்பி எல்லாருக்கும் காட்டினதும் அந்தச் சேர்ப்பு முடிஞ்சது. வெளியில இருந்து பார்த்தா அளவே இல்லாத மாதிரி தெரியும். ஆனா அதுக்கு ஒரு பட்டியலும் ஒரு தேதியும் இருந்துச்சு.

1942-ல ஜப்பான் பர்மாவுக்குள்ள வந்ததும் அங்க இருந்த தொழில் முடங்கிப்போச்சு. அடுத்தடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயிடுச்சு. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். வீட்டை எளிதாப் பிரிக்க முடியாது, சாமானைப் பிரிக்கலாம். அப்படிப் பிரிஞ்சதுல ஒரு பகுதிதான் இன்னைக்கு அந்தத் தெருவுல நம்ம கையில விலைச்சீட்டோட நிக்குது.

நம்ம ஆள் மாசம் ஒரு தடவை ஊருக்கு வருவார். வர்றப்போ சராசரியா 6,000 ரூபாய்க்கு ஏதாவது வாங்குவார். 5 வருஷத்துல 3,60,000 ரூபாய். இதே 6,000-ஐ மாசாமாசம் போட்டு வருஷத்துக்கு 10% வளர்ந்திருந்தா சுமார் 4,68,000 ஆகியிருக்கும். இது ஒரு கணக்குதான், உத்தரவாதம் இல்ல. உண்மையைச் சொன்னா இந்தக் கணக்கு அவரைக் கொஞ்சமும் அசைக்கல. "சார், எஸ்.ஐ.பி. ஸ்டேட்மென்ட்டை ஷெல்ஃப்ல வச்சுப் பார்க்க முடியுமா?"ன்னார். நியாயமான கேள்விதான். ஆசைக்குச் செலவு பண்றது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

அவரை அசைச்சது வேற. போன வருஷம் அப்பாவுக்குத் திடீர்னு ஆபரேஷன். இன்சூரன்ஸ் போக 2 லட்சம் கையில வேணும். எமர்ஜென்சி ஃபண்ட் கிடையாது. "கலெக்‌ஷன்தான் இருக்கே"ன்னு 10 பீஸை எடுத்துட்டுப் போனார். வாங்கின விலையில மூணுல ஒரு பங்குதான் கேட்டாங்க. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் வாடகை கட்டி, வாங்க ஆள் வர்ற வரைக்கும் மாசக்கணக்கா வச்சிருக்கணும். கடைசியில பர்சனல் லோன் போட்டார். அந்த இ.எம்.ஐ. இன்னும் ஓடுது.

அதுக்கப்புறம்தான் ஒரு ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுல உக்காந்து எண்ணினோம். 63 பீஸ். "இதுல எதுக்காக ஆரம்பிச்சீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். ஆயா வீட்டுல பார்த்த ஸ்வீடன் டிபன் கேரியர்னார். சரின்னு ஒரு தாள்ல கட்டம் போட்டோம்: 2, 3, 4, 5 அடுக்கு. ஒவ்வொண்ணுலயும் நீலம், பச்சை, க்ரீம். மொத்தம் 12 கட்டம். 63-ல அந்தக் கட்டத்துக்குள்ள வந்தது 9 மட்டும். மிச்சம் 54 தட்டு, பேசின், கூஜா எல்லாம் "அழகா இருந்துச்சு", "விலை கம்மியாக் கொடுத்தாங்க"ன்னு வந்தது.

ஸ்டாம்ப் சேர்க்கிறவங்களுக்கு ஆல்பத்துல அச்சடிச்ச காலிக் கட்டம் இருக்கும். எனாமலுக்கு, வாட்ச்சுக்கு, ஷூவுக்கு அப்படி யாரும் கட்டம் போட்டுத் தர மாட்டாங்க. விக்கிறவருக்கு அதனால லாபமும் இல்ல. நாமதான் போடணும், அதுவும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி. கட்டம் நிறைஞ்ச பிறகும் ஒண்ணு பிடிச்சிருந்தா வாங்குங்க, ஆனா உள்ள இருக்கிறதுல ஒண்ணை வித்துட்டு வாங்குங்க. விக்க மனசு வரலைன்னா புதுசு அவ்வளவு பிடிக்கலைன்னு அர்த்தம்.

சரி, என் தொழில் பக்கம். 54-ஐ விக்கிறப்போ டாக்ஸ் வருமா? வீட்டுல சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருளை வித்தா பொதுவா மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா நகை, ஓவியம், சிலை, கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு எல்லாம் இந்த விலக்குல வராது. தஞ்சாவூர் ஓவியத்தை 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து லாபத்துக்கு வித்தா 12.5% வரி, செஸ் தனி. அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் படி. வாங்கி வாங்கி விக்கிறதே வழக்கமாயிட்டா அது வியாபார வருமானம். அதனால பில் கேளுங்க. பில் இல்லைன்னா யு.பி.ஐ.ல கட்டிட்டு, பொருளோட போட்டோவையும் சேர்த்து வைங்க.

இன்னொண்ணு. 100 வருஷம் தாண்டின கலைப்பொருளுக்கு 1972 தொல்பொருள் சட்டம் இருக்கு. உலோகச் சிலை மாதிரி சில வகைகளைப் பதிவு பண்ணணும். தனிநபர் எதையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆன்சைட் போறப்போ பெட்டியில வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. வயசுல சந்தேகம் இருந்தா, அது தொல்பொருள் இல்லைன்னு இந்தியத் தொல்லியல் துறைகிட்ட சான்றிதழ் வாங்கிட்டுத்தான் அனுப்பணும்.

நம்ம ஆள் 54-ல 31-ஐ வித்து லோன்ல ஒரு பகுதியை அடைச்சுட்டார். சிலதைத் தங்கச்சிக்குக் கொடுத்தார். மாசம் 6,000-ல 5,000 இப்போ எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகுது, 1,000 கேரியருக்குத் தனி அக்கவுன்ட்ல சேருது. போன பொங்கலுக்கு 3 அடுக்கு க்ரீம் ஒண்ணு கிடைச்சுது. இன்னும் ரெண்டு கட்டம் காலி. அதுல 5 அடுக்கு பச்சை கிடைக்கிறது கஷ்டம்னு கடைக்காரரே சொல்லிட்டாராம். "வரட்டும் சார், மெதுவா வரட்டும்"ங்கிறார்.