உங்களுக்குத் தெரியுமா? யானைக்கு 2 ரூபாய், ஆட்டுக்கு 1 அணா!

விருத்தாசலத்துச் சூளையில் வெந்து வரும் பீங்கான் நாய்க்கு லைசென்ஸ் தேவையில்லை. குரைக்கிற நாய், கறக்கிற மாடு, கூவுகிற சேவல் என்றால் கதையே வேறு. நகரங்களில் விலங்கு, பறவை வளர்ப்பதை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 1997இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கோழி வளர்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்காதீர்கள்.

அதற்கும் முன்னால், நகராட்சிகளை நடத்திவந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டு வரி, தொழில் வரியோடு ‘வண்டிகள், விலங்குகள் மீதான வரி’யும் இருந்தது. குதிரை வைத்திருந்தால் அது வசதியின் அடையாளம். எனவே கட்டு வரி! நகராட்சிகள் அந்தச் சட்டத்திலிருந்து நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கு மாறியது 2023 ஏப்ரலில்தான்.

பயிரில் மேயும் கொண்டி மாட்டைப் பிடித்துப் ‘பவுண்டு’ என்ற பட்டியில் அடைப்பதற்கு வெள்ளைக்காரர்கள் 1871இல் ஒரு சட்டம் போட்டார்கள். படிக்கப் படிக்கச் சுவையான சட்டம் அது. கால்நடை என்ற கணக்கில் ஆடு, மாடு, எருமை மட்டுமல்ல. யானை, ஒட்டகம், கழுதை, பன்றி எல்லாமே அடக்கம். அபராதப் பட்டியல் இப்படி: யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா. குதிரை, காளை, பசுவுக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு 1 அணா. பயிரில் இறங்கிய யானையைப் பவுண்டு வரைக்கும் யார் ஓட்டிக்கொண்டு போவது என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

அடைத்த மாட்டைத் தேடி 7 நாளுக்குள் யாரும் வரவில்லையென்றால், பவுண்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். அங்கே நோட்டீஸ் ஒட்டுவார்கள். மாடு பிடிபட்ட ஊரிலும், பக்கத்துச் சந்தையிலும் தமுக்கு அடிப்பார்கள். இன்னும் 7 நாள் பார்த்துவிட்டு ஏலம். அந்த ஏலத்தில் போலீஸ்காரரோ பவுண்டுக்காரரோ நேராகவும் வாங்கக் கூடாது, பினாமி வைத்தும் வாங்கக் கூடாது! சட்டத்தை எழுதியவருக்கு நம் ஊர் நடப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பிடித்துப் போகும் மாட்டை வழிமறித்து அவிழ்த்துவந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம். மாட்டை ஒழுங்காக மீட்க 4 அணா அபராதமும் தீனிச் செலவும் போதும். முரண்டு பிடித்தால்தான் செலவு.

அதே சட்டத்தில், பன்றியை அவிழ்த்துவிட்டு வயலையோ பொது ரோட்டையோ பாழாக்கும் உரிமையாளருக்கு விதித்த தண்டனை: அதிகபட்சம் 10 ரூபாய்.

இன்றைய விலை வேண்டுமா? சென்னை ரோட்டில் திரியும் மாட்டுக்கு 2024இல் மாநகராட்சி உயர்த்திய அபராதம், முதல் முறை 10,000 ரூபாய். மறுபடி பிடிபட்டால் 15,000. காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிடுவது, சாயங்காலம் தானாக வந்துவிடும் என்ற கணக்கு இனி கட்டுப்படியாகாது. விருத்தாசலம் போன்ற ஊர்களில் பிரச்சினை இடம்தான். தெருவெல்லாம் காம்ப்ளெக்ஸ் ஆன பிறகு, மேய்ச்சலுக்கு மாடு எங்கே போகும்? விதி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

சித்திரை வெயிலில் வண்டி மாட்டுக்கும் சட்டப்படி ஓய்வு உண்டு! 1965ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி, வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்கவோ பொதி சுமக்கவோ விலங்கைப் பயன்படுத்தக் கூடாது. விருத்தாசலத்துக் கோடையில் 37 டிகிரி என்பது ‘இன்னிக்குப் பரவாயில்லையே’ என்று சொல்லும் நாள். அப்படிப் பார்த்தால் கத்திரி முடியும்வரை தினமும் மூன்று மணி நேரம் நுகத்தடியைக் கழற்றி வைத்தாக வேண்டும். இடைவேளையில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலும், ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. பொதிக்கும் அளவு உண்டு: கழுதைக்கு 50 கிலோ, ஒட்டகத்துக்கு 250 கிலோ. பாலைவனத்து ஜீவனுக்குக் கழுதையைப்போல் ஐந்து மடங்கு சுமை. அதே வெயிலில் கட்டடத்துக்குக் கல் சுமக்கிற சித்தாளுக்கு இப்படி டிகிரி குறித்த விதி இருக்கிறதா என்று தேடினால் மனசு சங்கடப்படும்.

லாரியில் மாடு ஏற்றினால் ஆறுக்கு மேல் கூடாது. இது 1978ஆம் ஆண்டு விதி. சந்தை நாளில் ரோட்டோரம் நின்று எண்ணிப் பாருங்கள்.

நாயின் உயிருக்குச் சட்டத்தில் விலை இருந்தது. 1860இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின்படி, கொல்லப்பட்ட விலங்கு 10 ரூபாயாவது பெறுமானால்தான் 428ஆம் பிரிவு பாயும். யானை, ஒட்டகம், குதிரை, பசு, எருமை போன்றவற்றுக்கு மட்டும் விலை பார்க்காமலே கடும் தண்டனை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இந்த விலைக் கணக்கை எடுத்துவிட்டது. இப்போது எந்த விலங்கைக் கொன்றாலும், முடமாக்கினாலும் 5 ஆண்டு வரை சிறை உண்டு. வளர்ப்பு விலங்கை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளாத உரிமையாளரையும் அது விடவில்லை: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் இந்த அபராதம் 1,000 ரூபாய்தான்.

எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு விதி.

மனிதர் போட்ட சட்டம் ஒருபுறம் இருக்க, விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே சாமிக்கு மனு எழுதிப் போடலாம். ‘பிராது கட்டுவது’ என்பார்கள். கொடுத்த கடன் வரவில்லை, மாடு களவு போய்விட்டது என்று தாளில் எழுதி, முனியப்பர் சன்னிதியில் கட்டுவார்கள். 90 நாளில் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் சும்மா இருந்துவிட முடியாது. மறுபடி வந்து ‘ராஜினாமா’ கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். சாமி அங்கே இருப்பதைக் காட்டிக்கொடுத்ததே, கொளஞ்சிப் புதரில் பால் சொரிந்துகொண்டிருந்த ஒரு பசுதான் என்கிறது தலவரலாறு. சொந்தக்காரனுக்குத் தெரியாமல் மேயப்போன மாடு!

விருத்தாசலத்து விருத்தகிரீசுவரர் கோயிலைக் கற்றளியாக எடுத்தவர் செம்பியன் மாதேவி. அந்தச் சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய, பொதுவாக 96 ஆடுகள் கொடுத்தார்கள். இடையர் அவற்றை வாங்கி வளர்த்து, தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தாலும் குட்டி பிறக்குமே. எனவே அந்த 96 என்றைக்கும் 96தான். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். நோய் வந்து மந்தையே சரிந்தாலும் நெய்யை நிறுத்த முடியாது. கடன்பத்திரம் எழுதுவதில் இன்றைய வங்கிகளே பிச்சை வாங்க வேண்டும்.

கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பச்சைக்கிளியை நான்காம் அட்டவணையிலிருந்து இரண்டாம் அட்டவணைக்கு ஏற்றியது. 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சீட்டு எடுக்கும் ஜோசியக் கிளிக்கும் விலக்கில்லை. நம் கடைகளில் ‘லவ்பேர்ட்ஸ்’ என்று விற்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜிகள். அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. உள்ளூர்க்காரனுக்குத் தடை, வெளிநாட்டுக்காரனுக்கு வரவேற்பா என்று கோபப்பட வேண்டாம். நம் கிளியைக் காட்டிலிருந்துதான் பிடித்துவர வேண்டும். பட்ஜி கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே பெருகுகிறது. நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டத்துக்கு என்று வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். அது முதல் அட்டவணையில் இருக்கிறது.

மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் தோட்டில் 12 இலக்க எண் இருக்கும். ஆதாருக்கும் அதே 12தான்.

தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் விதி. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கோடு போட்டது: பள்ளி, மருத்துவமனை, விளையாட்டரங்கம், பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. நெடுஞ்சாலை மாடுகளையும் அதே உத்தரவில் அகற்றச் சொன்னது.

வீட்டு நாயோடு ரயிலேற ஆசையா? ஸ்லீபரிலோ ஏசி மூன்றடுக்கிலோ இடமில்லை. முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது கேபின் முழுவதையும் உங்கள் பெயரில் எடுத்தால் கூடவே வரலாம். இல்லையென்றால் அது கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் வரும். தண்ணீரும் சோறும் உங்கள் பொறுப்பு.