கேளம்பாக்கத்துச் சிவப்புத் தண்ணீர்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையின் இருபுறமும் உவர்நிலம். சித்திரை, வைகாசி வெயிலில் உப்பளத்தின் கடைசிப் பாத்திகளைக் கவனித்தால் தண்ணீர் வெள்ளையாக இருக்காது. சில நாள் ரோஜா நிறம், சில நாள் காவி கரைத்த மாதிரி. நெடுநாள் நான் அதை மண்ணின் நிறம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தவறு. அது உயிர்களின் நிறம்.

கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம். பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி 25 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் உப்பு பூக்கிறது. அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்காது, பாசியிலும் ஓரிரு வகைதான் தாங்கும். ஆனால் ஒரு சொட்டுக்குள் லட்சக்கணக்கில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சிவப்பு நிறமிதான் அவற்றுக்கு வெயில் குடை.

உப்பு மாங்காய் ஏன் சுருங்குகிறது? உப்பு அதன் தண்ணீரை இழுத்துவிடுகிறது. எந்த உயிரணுவுக்கும் இதே கதிதான். இதிலிருந்து தப்பிக்க உப்பளத்து உயிர்கள் இரண்டு வழி வைத்திருக்கின்றன. ‘ஹாலோபாக்டீரியம்’ போன்றவை வெளியே எவ்வளவு உப்போ அவ்வளவு பொட்டாசியம் உப்பைத் தமக்குள்ளும் நிரப்பிக்கொள்ளும். (பெயரில் பாக்டீரியம் இருந்தாலும் இவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம்.) இவற்றின் நொதிகள், அதாவது என்சைம்கள், மேற்பரப்பு முழுக்க எதிர்மின் சுமையோடு இருப்பதால் உப்புக்கு நடுவிலும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விசித்திரம் என்னவென்றால், நல்ல தண்ணீரில் போட்டால் இவை உருக்குலைந்துவிடும். இன்னொரு கூட்டம் உப்பை விரும்பாது, தாங்கிக்கொள்ளும். உள்ளே உப்பை விடாமல் எக்டாயின் போன்ற பொருள்களைத் தயாரித்து வைத்துச் சமாளிக்கும். ஆனால் இரை தேட இவை வெளியே விடும் நொதிகள் உப்பிலும் வேலை செய்தாக வேண்டும். தொழிலுக்கு உதவப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான் என்பது என் எண்ணம். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவை ஓடிப்போவதில்லை.

எந்தத் தொழில்? விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். கேளம்பாக்கம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடியில் பல்லாவரமும் குரோம்பேட்டையும் இருக்கின்றன. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால்தான்.

ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுகிறார்கள். 100 கிலோ தோலுக்கு 30, 40 கிலோ வரை போகும். தோல் தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைப்பது. போட்ட உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அடுத்து முடி நீக்க சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். இந்தச் சல்பைடில் அமிலம் கலந்தால் கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் செத்த செய்தியை நாம் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். உப்புக் கழிவு என்ன செய்யும் என்பதற்குப் பாலாறு சாட்சி. தோல் தொழில் நடக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வழியாக வந்து, செங்கல்பட்டைக் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலைத் தொடுகிற ஆறு அது. இந்த மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்த ஐந்தில் ஒன்று அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறி நம் சட்டத்தில் அழுத்தமாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பால்தான்.

தோலுக்கும் நொதிக்கும் உறவு பழையது. தோலை மென்மையாக்க ஒரு காலத்தில் நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் கரைத்து அதில் ஊறவைப்பார்கள். அதில் வேலை செய்வது நொதிதான் என்று புரிந்துகொண்ட ஜெர்மானியர் ஓட்டோ ரோம், 1907-ஐ ஒட்டி விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதற்குப் பதிலாகக் கொண்டுவந்தார். இன்று முடி நீக்கவும் நொதி உண்டு. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகளாக இதில் உழைத்துவருகிறது. புரதத்தைக் கரைக்கும் நொதி முடியின் வேரைத் தளர்த்தும். முடி கூழாகாமல் முழுசாகக் கழன்று வரும். சல்பைடின் தேவை குறையும்.

சிக்கல் முதல் தொட்டியில். உப்புத் தோல் ஊறுகிற அந்தக் கரிப்புத் தண்ணீரில் சாதாரண நொதிகள் சுணங்கும். உப்பளத்து நொதிக்கோ அது சொந்த ஊர் மாதிரி. உண்மையில் இந்த உயிர்களைத் தோல் வியாபாரிகள் நம் ஆய்வாளர்களுக்கு முன்பே அறிவார்கள், எதிரியாக. சரியாகக் காயாத உப்புத் தோலில் சிவப்புத் திட்டு பூத்தால் சரக்கின் மதிப்பு போயிற்று. கருவாட்டில் சிவப்பு ஏறுவதும் இவற்றின் கைவரிசையே. உப்பிலே பிழைத்துப் புரதத்தைத் தின்னும் திறமைதானே நமக்கு வேண்டியது? திருடனைக் காவலுக்கு வைக்கும் யோசனை.

அப்படியானால் ஏன் இன்னும் நடக்கவில்லை? உப்பளத்துப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ‘இத்தனை சதவீத உப்பில் இவ்வளவு வேலை செய்கிறது’ என்று எழுதிய ஆய்வேடுகளுக்கு நம் பல்கலைக்கழகங்களில் குறைவில்லை. ஆய்வகக் குடுவையிலிருந்து தோல் தொட்டிக்கு வருவதற்குள் விலை குறுக்கே நிற்கிறது. உப்புக் கரைசல் எஃகுக் கலனையே அரித்துவிடும். உப்பை விரும்பும் உயிர்கள் வளர்வதோ மெதுவாக. அவற்றின் மரபணுவை வேறு பாக்டீரியாவுக்கு மாற்றினால், உப்பில்லாத அந்த வீட்டில் நொதி சரியாக மடிவதில்லை. உலக அளவிலும் வெற்றிக் கதைகள் சொற்பம். ஜப்பானில் உப்பு தாங்கும் ஒரு பாக்டீரியாவின் நொதியைக் கொண்டு உணவுச் சுவையூட்டிகள் செய்தார்கள். ஜெர்மனியில் எக்டாயினைத் தயாரித்து முகப்பூச்சில் சேர்க்கிறார்கள்; அது நொதி அல்ல என்றாலும் அதே சமையலறைச் சரக்கு. சீனாவில் சிஞ்சியாங் உப்பேரியில் கிடைத்த ஹாலோமோனாஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு மக்கும் பிளாஸ்டிக் செய்கிறார்கள். உப்பு மிகுந்த கலனில் வேறு கிருமி நுழையாது, ஆகவே கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் செலவு மிச்சம். நமக்கு இதில் பாடம் இருக்கிறது: உப்பைத் தடையாகப் பார்க்காமல் வேலியாகப் பார்த்திருக்கிறார்கள்.

திருப்பூர்ச் சாயக்கழிவிலும் இதே உப்புதான். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்து கடலுக்குத் திரும்புவதும் அடர்ந்த உப்புநீர்தான். உப்போடு வாழத் தெரிந்த வேலையாட்களுக்குத் தமிழகத்தில் வேலை கூடிக்கொண்டே போகிறது.

இதற்கிடையில், கோவளம் உபவடிநிலத்தில் திருப்போரூர் அருகே 1.6 டி.எம்.சி. கொள்ளளவுக்குப் புதிய நீர்த்தேக்கம் அமைக்க 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை 350 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. சென்னைக்குத் தாகம், அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் உவர்நிலத்தில் நல்ல தண்ணீர் நின்றால் அங்குள்ள உப்பு உயிர்களுக்கு இடமில்லை. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக நுண்ணுயிரியல் கற்பிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. நுண்ணுயிர்களைப் பாதுகாத்து வைக்க 1986 முதல் சண்டிகரில் ஒரு தேசியச் சேமிப்பகமும் இருக்கிறது. மாணவர்களே, ஆளுக்கு ஒரு குப்பி எடுத்துக்கொண்டு, அளத்துக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். வைகாசிக்குள் போங்கள், பெருமழை விழுந்தால் அந்தச் சிவப்பு கரைந்துவிடும்.