உளித்தடத்தில் உருவாகும் முகம்

மரப்பலகையிலோ லினோலியத்திலோ வெள்ளையாகத் தெரியவேண்டிய பகுதிகளை உளியால் அகற்றிவிட்டு, மேடாக எஞ்சி நிற்கும் பரப்பில் மட்டும் உருளையால் மை பூசி, அதன்மேல் தாளை வைத்து அழுத்தி எடுக்கும் படம் புடைப்பு அச்சு எனப்படும். செதுக்காத பலகை முழுக்கக் கருப்பாகவே பதியும் என்பதால், இதில் கலைஞர் இருளில் தொடங்கி வெட்டுக்கு வெட்டு வெளிச்சத்தை வரவழைக்கிறார். ஒருமுறை வெட்டியெடுத்ததை மறுபடி ஒட்டவைக்க வழியில்லாமையால், கையின் உறுதியும் தயக்கமும் தாளில் அப்படியே பதிந்துவிடுகின்றன.

கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைவிட உள்ளத்தின் கொந்தளிப்பை முதன்மையாகக் கருதிய வெளிப்பாட்டுவாதிகளுக்கு இந்தத் தன்மையே வேண்டியிருந்தது. 1905இல் டிரெஸ்டனில் தொடங்கிய 'பாலம்' என்னும் குழுவில் சிறிது காலம் இருந்தவரும், இளமையில் மரச்செதுக்குத் தொழில் பயின்றவருமான எமில் நோல்டே 1912இல் செதுக்கிய 'தீர்க்கதரிசி' இதற்குச் சிறந்த சான்று. குழிந்த கண்களும் ஒட்டிய கன்னங்களும் கரடுமுரடான தாடியும் கொண்ட அம்முகத்தில் மென்நிழல் என்பதே இல்லை. கருப்பும் வெள்ளையும் நேருக்கு நேர் மோதுகின்றன. மரத்தின் வரிகளும் மையோடு சேர்ந்து பதிந்திருப்பதைப் பிழையெனத் தள்ளுபவர் படத்தின் பாதியை இழந்துவிடுவார்.

இந்தியாவில் இதற்கு அருகில் வைத்துப் பார்க்கத்தக்கது, காந்தியின் தண்டி யாத்திரையை ஒட்டி 1930இல் வங்க ஓவியர் நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய 'பாபுஜி'. போஸை வெளிப்பாட்டுவாதி என்று வகைப்படுத்த முடியாது; எனினும் 1922இல் கல்கத்தாவில் காந்தின்ஸ்கி, கிளே, ஃபைனிங்கர் உள்ளிட்ட, ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த கலைஞர்களின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டபின், ஐரோப்பாவின் இப்புதிய போக்கு வங்கக் கலை வட்டத்துக்கு அறிமுகமற்றதாக இருந்திருக்க முடியாது. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் கலந்து செய்யப்படும் தரைவிரிப்பான லினோலியத்தில் மரத்தைப்போல வரியோட்டம் இல்லாததால், உளி எந்தத் திசையிலும் தடையின்றி ஓடும். கருந்தளத்தில் வெள்ளைக் கோடுகளாக எழுந்து, கோலூன்றி நடக்கும் அவ்வுருவத்தின் தெளிவுக்கு அந்தப் பொருளும் ஒரு காரணம். நோல்டே கண்களில் குவித்த வேகத்தைப் போஸ் கால்களுக்குக் கொடுத்திருக்கிறார். முகத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்த நடை யாருடையது என்பதில் ஐயம் எழாது.