சின்ன நாய்தானே என்று வாங்கலாமா?

‘நாய் நன்றியுள்ள பிராணி’ என்று தொடங்கிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதாதவர் நம்மில் மிகச் சிலரே. நாய் நமக்கு என்னென்ன செய்யும் என்று அதில் பக்கம் நிறைய எழுதினோம். நாம் நாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை. அந்தப் பாடத்தை என் 47ஆம் வயதில், தோ பாயோவிலுள்ள எங்கள் நாலறை வீட்டிற்கு ஒரு குட்டி நாய் வந்த பிறகே கற்றுக்கொண்டேன். பிள்ளைகளின் ஆசைக்காக நாய் வாங்க எண்ணும் பெற்றோருக்கு என் அனுபவம் உதவலாம்.

தொடக்கநிலை இறுதித் தேர்வை நன்றாக எழுதினால் நாய்க்குட்டி வாங்கித் தருவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் சொன்னபடி செய்தாள். நானும் சொல் தவறக்கூடாதல்லவா? ஜாக் ரஸ்ஸல் டெரியர் வகையில் ஒரு குட்டியை வாங்கினோம். வெள்ளை உடம்பு, காதருகே பழுப்புத் திட்டு, இரு உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஈசூனில் அண்ணன் வீட்டில் இருந்த என் தாயார் தொலைபேசியில், “தம்பி, பச்சைப் பிள்ளையை வளர்க்கிற வேலைடா இது. யோசிச்சுத்தான் செய்றியா?” என்று கேட்டார். “சின்ன நாய்தானே அம்மா” என்றேன். நான் செய்த முதல் தவறு அந்தப் பதில்தான். மகள் வைத்த ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையாமல், நாளடைவில் அவன் ‘மணி’ ஆனான்.

உருவம் சிறிது, தொழில் பெரிது

‘டெரியர்’ என்ற பெயர் மண்ணைக் குறிக்கும் ‘டெர்ரா’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் ஒளிந்துகொள்ளும் நரி, எலி போன்றவற்றை விரட்டிப் பிடிக்கவே இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இவ்வகை நாய்களைப் பெருக்கினார்கள். ஜாக் ரஸ்ஸல் வகைக்குப் பெயர் தந்தவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்னும் பாதிரியார். ஆக்ஸ்ஃபர்டில் படித்த காலத்தில், 1819இல், ஒரு பால்காரரிடம் அவர் வாங்கிய ‘டிரம்ப்’ என்னும் பெண் நாயிலிருந்து இந்த வழி தொடங்கியதாகச் சொல்வார்கள். பட்டுப்போல முடி தொங்கும் யார்க்‌ஷயர் டெரியர்கூட ஆலைகளில் எலி பிடித்த நாய்களின் வழிவந்ததே.

ஜாக் ரஸ்ஸலின் உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், எடை ஐந்தாறு கிலோதான். ஆனால் நாள் முழுதும் ஓடி, தோண்டி, குரைத்து வேலை செய்யும் ரத்தம் அதில் ஓடுகிறது. நரி இல்லாத வீட்டில் அது என்ன செய்யும்? எங்கள் சோபா மெத்தையைத் தோண்டியது. தாழ்வாரத்தில் வந்து அமரும் மைனாக்களைக் கண்டு துள்ளியது. வெளிக்கதவில் சாவிச் சத்தம் கேட்டாலே குரைத்தது. இது கெட்ட குணம் அன்று, அதன் குலத்தொழில். தினமும் ஒரு மணி நேரமாவது நடக்கவும் ஓடவும் விடாவிட்டால், அந்தத் தெம்பு முழுவதும் நம் வீட்டுப் பொருள்கள்மீதே இறங்கும்.

தனியே விட்டால்

நானும் மனைவியும் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவோம். மூன்றாவது மாதத்தில், எதிர்வீட்டுச் சீன மாது ஒருநாள் மாலை கதவைத் தட்டினார். தம் கணவர் இரவுவேலை பார்ப்பதாகவும், பகலில் எங்கள் நாய் ஓயாமல் குரைப்பதால் அவர் தூங்கமுடியவில்லை என்றும் மிகத் தன்மையாகச் சொன்னார். எனக்குத் தலைகுனிவாகிவிட்டது. அன்றிரவு, வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, மகள் பதில் பேசாமல் கழுத்துவாரை எடுத்துக்கொண்டு அவனைக் கீழே அழைத்துச் சென்றாள். மறுநாள் முதல் காலை ஐந்தரைக்கு எழத் தொடங்கினாள்.

பள்ளிக்கு முன் ஒரு நீண்ட நடை; முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று தனியே இருக்கப் பழக்குதல்; உள்ளே தீனி ஒளித்த ரப்பர் பொம்மை. இம்மூன்றாலும் குரைப்பு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி, என் தாயார் எங்களோடு வந்து தங்கிய பிறகே நின்றது. ஒலி 96.8 கேட்டபடி அவர் கீரை ஆய்வார். மணி காலடியில் படுத்திருப்பான். எல்லார் வீட்டிலும் இப்படி ஒருவர் கிடைப்பதில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார் என்பதே, நாய் வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

விதியும் அண்டைவீட்டாரும்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம். அதுவும் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறு வகையாக இருக்கவேண்டும். ஜாக் ரஸ்ஸல், யார்க்‌ஷயர், ஸ்காட்டிஷ், கெய்ர்ன் முதலிய டெரியர்கள் அப்பட்டியலில் உள்ளன. ஆனால் டெரியர் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. புல் டெரியருக்கு அங்கு அனுமதி இல்லை. விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். நாய்க்கு நுண்சில்லு பொருத்தி உரிமம் பெறுவதும் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் குறைவு.

விதியில் எழுதப்படாத கடமைகளும் உண்டு. நம் புளோக்கில் பல இனத்தார் வாழ்கிறோம். நாயின் எச்சில் படுவது முஸ்லிம் அண்டைவீட்டாருக்குச் சமயத் தூய்மை சார்ந்த விஷயம். சிலருக்கு நாய் என்றாலே அச்சம். மின்தூக்கியில் ஏற்கெனவே ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருப்போம். அல்லது கேட்டுவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுவோம். கழிவை அள்ளப் பையின்றிக் கீழே இறங்குவதில்லை. பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் செல்ல நாயை ஏற்றமுடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிரசாதமும் நஞ்சாகலாம்

ஒரு பொங்கல் நாளன்று பூசை முடிந்ததும், தாயார் ஆசையோடு ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை மணிக்கு வைத்தார். அதில் உலர்ந்த திராட்சை நிறைய இருந்தது. பள்ளியில் படித்திருந்த மகள்தான் பதறினாள். உடனே விலங்குநல மருத்துவரிடம் ஓடினோம். அவர் ஊசி போட்டு வாந்தியெடுக்க வைத்து, ஒருநாள் முழுதும் ஊசிவழித் திரவம் ஏற்றினார். மணி பிழைத்தான். திராட்சை, அது உலர்ந்ததாயினும் புதிதாயினும், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. வெங்காயம், பூண்டு, சாக்லேட், சர்க்கரை சேர்க்காத மிட்டாய்களிலுள்ள சைலிட்டால் ஆகியவையும் ஆகாதவை. அதாவது, நம் சாம்பார் சாதமும் குழம்பும் அதற்கு உணவல்ல. தாயார் அதன் பிறகு பல நாள் அவனுக்குத் தம் கையால் எதுவும் கொடுக்கவில்லை. வேகவைத்த கோழியும் பூசணியும் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே மனம் தேறினார்.

மருத்துவச் செலவையும் முன்பே கணக்கில் சேர்க்கவேண்டும். குட்டிப் பருவத்தில் பல தவணைத் தடுப்பூசிகள் உண்டு. நம் வெப்ப மண்டலத்தில் உண்ணிக் காய்ச்சலும், கொசுவால் பரவும் இதயப் புழு நோயும் வரும்; இவற்றுக்குத் தொடர்ந்து தடுப்பு மருந்து தேவை. சிறு டெரியர்களுக்கு முழங்கால் சில்லு நழுவுவதும் பல் நோயும் அடிக்கடி வருபவை. ஜாக் ரஸ்ஸலுக்குக் கண்வில்லை நழுவும் நோயும் வரலாம். தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள். காப்பகங்களில் வீடு தேடிக் காத்திருக்கும் வளர்ந்த நாய்களையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவற்றின் குணம் முன்பே தெரிந்திருக்கும்.

பதினைந்து ஆண்டுக் கணக்கு

ஜாக் ரஸ்ஸல் 13 முதல் 16 ஆண்டுகள் வாழக்கூடியது. பன்னிரண்டு வயது மகளுக்காக வாங்கிய நாய், அவளுக்கு 27 வயதாகும்வரை இருக்கலாம். அதற்குள் அவள் பல்கலைக்கழகம் செல்வாள், வேலைக்குப் போவாள், மணமாகி வேறு வீட்டிற்கும் போகலாம். அப்போது 62 வயதில் கீழே இறங்கி நடக்கப்போவது நான்தான். ஆகவே பிள்ளை கேட்கிறது என்பதற்காக வாங்கினாலும், பெற்றோர் தம் பெயரில் எழுதிக்கொள்ளவேண்டிய பொறுப்பு இது.

இப்போது மணிக்கு ஒன்பது வயது. தாயார் சென்ற ஆண்டு காலமானார். அவர் அமர்ந்திருந்த நாற்காலியின் கீழ்தான் அவன் இன்னும் படுக்கிறான். மகள் தேர்வுக்குப் படிக்கும் நாள்களில் காலை நடை என் பொறுப்பு.

தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏற மறுத்த தருமரின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நமக்குச் சொர்க்கத்துத் தேர் வரப்போவதில்லை. வேலைப்பளு, வெளிநாட்டுப் பயணம், வீடு மாறுதல் என்றுதான் சோதனை வரும். அப்போதும் இந்த உயிரைக் கைவிடமாட்டோம் என்று குடும்பத்தில் எல்லாரும் கூடி உட்கார்ந்து சொல்லமுடிந்தால், குட்டியை வீட்டிற்கு அழைத்து வாருங்கள். ஒருவர் தயங்கினாலும் இன்னும் சிறிது காலம் பொறுத்திருங்கள். அது அந்தக் குட்டிக்கும் நன்மை.