ரிட்டயர் ஆகும் முன்பே அகாடமி: சின்னப்பம்பட்டியில் நடராஜன் அவசரப்பட்டது ஏன்?

கிரிக்கெட் வீரர்கள் பெரும்பாலும் ஆடி முடித்த பிறகுதான் பயிற்சியாளர் ஆவார்கள், அகாடமி தொடங்குவார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி.நடராஜன் அதுவரை காத்திருக்கவில்லை. ஐபிஎல் பணம் கைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, இந்திய அணிக்காக ஒரு பந்துகூட வீசாத நேரத்தில், ஊர்ப் பசங்களுக்கு அகாடமி தொடங்கிவிட்டார்.

அப்படி என்ன அவசரம்? அதற்கான பதில் அவருடைய முழங்கையில் இருக்கிறது.

அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் சிக்கன் கடை. சேலம், நாமக்கல் பக்கம் இருக்கும் பல கிராமங்கள் மாதிரியே இங்கேயும் கிரிக்கெட் என்றால் டென்னிஸ் பந்துதான். நடராஜன் 20 வயது வரைக்கும் ஆடியது அதில்தான். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. லெதர் பந்து சுமார் 160 கிராம். லேசான பந்தில் வேகம் வர வேண்டும் என்றால் கையைச் சாட்டை மாதிரி சுழற்ற வேண்டும். யாரும் திருத்தாவிட்டால் அந்தப் பழக்கம் உடம்பில் அப்படியே தங்கிவிடும்.

சரி, யாரு அந்த ஜேபி? ஐபிஎல்லில் நடராஜனின் ஜெர்சிக்குப் பின்னால் ‘ஜேபி நட்டு’ என்று இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஜேபி என்பது ஜெயபிரகாஷ். அதே ஊர்க்காரர், டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் நடராஜனுக்கு சீனியர். “நீ மெட்ராஸ் போயே ஆகணும்” என்கிற ரீதியில் அவரைத் தள்ளிக்கொண்டு போனவர். சென்னையில் பிஎஸ்என்எல் அணிக்காக நான்காவது டிவிஷன், அப்புறம் விஜய் சிசி, ஜாலி ரோவர்ஸ் என்று படிப்படியாக ஏறி, 2015 ஜனவரியில் நடராஜன் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். ஈடன் கார்டன்ஸ் மைதானம், எதிரணி பெங்கால்.

அங்கேதான் சிக்கல். அவருடைய பந்துவீச்சு ஆக்‌ஷன் மீது புகார் எழுந்தது. ஐசிசி விதிப்படி, பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. தாண்டினால் அது ‘த்ரோ’. மாநில அணிக்கு வந்து சேரும் வரை பிடிபடாத விஷயம், வந்த பிறகு பிடிபட்டது. தமிழ்நாடு கிரிக்கெட்டின் சுனில் சுப்ரமணியம், டி.வாசு, எம்.வெங்கடரமணா போன்ற பயிற்சியாளர்களின் உதவியோடு ஆக்‌ஷனைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. 24 வயதில், பல வருடப் பழக்கத்தை மறந்துவிட்டு இன்னொன்றைக் கற்பது சாதாரண வேலை இல்லை. அந்த ஒரு வருடத்தோடு காணாமல் போயிருக்கவும் வாய்ப்பு இருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தெரிந்த கதை. 2016-ல் டிஎன்பிஎல். 2017-ல் பஞ்சாப் அணிக்கு 3 கோடி ரூபாய். 2020 ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்காக 16 விக்கெட். அதில் ஒன்று டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கர். நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர், ஒரே டூரில் மூன்று ஃபார்மட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்.

அந்த அகாடமியை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 24 வயதில் தெரிய வந்த பிரச்சினை, ஒரு பையனுக்கு 12 வயதிலேயே தெரிந்துவிட்டால் எவ்வளவு மிச்சம்? அகாடமியைக் கவனித்துக்கொள்வதும் அதே ஜேபிதான். அடுத்தகட்டமாக, 2023 ஜூன் 23 அன்று தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்த ‘நடராஜன் கிரிக்கெட் கிரவுண்ட்’. நடுவில் நான்கு பிட்ச், பயிற்சிக்கு இரண்டு பிட்ச், ஜிம், 100 பேர் உட்காரும் சின்ன கேலரி. ஒரு கிராமத்துக்கு இது பெரிய விஷயம்.

பலன் இருக்கா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர்: ஜி.பெரியசாமி. அதே சின்னப்பம்பட்டி, மலிங்கா மாதிரி பக்கவாட்டில் கையைச் சுழற்றி வீசும் பவுலர். 2019 டிஎன்பிஎல் இறுதிப் போட்டியில் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்காக 5 விக்கெட் எடுத்து, தொடர் நாயகன் விருதும் வாங்கினார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஐபிஎல்லுக்கு டெல்லி அணி 10.75 கோடி ரூபாய் கொடுத்து நடராஜனை எடுத்தது. ஆனால் சீசனில் பெரும்பாலும் பெஞ்ச்தான். முழங்காலில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, வயது 34-ஐத் தொட்டாச்சு. மற்றவர்கள் ‘அடுத்து என்ன’ என்று யோசிக்கத் தொடங்கும் வயதில், அவருக்கான வேலை ஊரில் ஏற்கெனவே ரெடியாக இருக்கிறது.

ஒரு குறை மட்டும் அப்படியே நிற்கிறது. மாநிலத் தேர்வாளர்கள் கவனிக்கும் டிவிஷன் லீக் நடப்பது சென்னையில். லெதர் பந்தும் நல்ல பிட்ச்சும் இப்போது ஊருக்கே வந்துவிட்டன. ஆனால் 2011-ல் நடராஜன் ஏறிய அந்தச் சென்னை பஸ்ஸில் இந்தப் பசங்களும் ஏறித்தான் ஆக வேண்டும்.