உஷார்! கூட்ஸ் வண்டி ஓட்டும் வேலைக்கு ரேட் பேசுகிறார்களா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே அரசு வேலைக்குக் காத்திருக்கும் ஐ.டி.ஐ. தம்பிகளே, அவர்களைப் பெற்றவர்களே! “ரயில்வேயில் அசிஸ்டன்ட் லோகோ பைலட் வேலை. உள்ளே நம்ம ஆள் இருக்கார். அட்வான்ஸ் மட்டும் கொடுங்க, மீதி ஆர்டர் வந்ததும்” என்று யாராவது வீடு தேடி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நடக்காததைச் சொல்லவில்லை. 2022 ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் புதுடெல்லி ரயில் நிலையத்தில் தினமும் 8 மணி நேரம் நின்றார்கள். எத்தனை ரயில் வருகிறது, எத்தனை போகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று எண்ணுவதுதான் வேலை. ஏறக்குறைய ஒரு மாதம் எண்ணினார்கள். டி.டி.இ., டிராஃபிக் அசிஸ்டன்ட், கிளார்க் பதவிகளுக்கு அதுதான் ‘டிரெய்னிங்’ என்று மோசடிக்காரர்கள் நம்பவைத்திருந்தார்கள். ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை, மொத்தம் 2.67 கோடி ரூபாய் பறிபோனது. ஏமாந்தவர்களில் பலர் இன்ஜினீயரிங் படித்தவர்கள். போலி ஐ.டி. கார்டு, போலி ஆர்டர் எல்லாம் கைக்கு வந்தன. வேலைதான் வரவில்லை.

லோகோ பைலட் வேலையில் புரோக்கருக்கு இடமே கிடையாது. கம்ப்யூட்டர் தேர்வு இரண்டு கட்டம். அதன்பின் மனத்திறன் தேர்வு. அதில் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 42 மதிப்பெண் வாங்க வேண்டும். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. 2025 அறிவிப்பில் 9,970 இடங்கள். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். முதல் தேர்வை எழுதினால் அதிலும் 400 திரும்ப வரும். எஸ்.சி., எஸ்.டி., பெண்கள் உள்ளிட்டோருக்கு 250. தேர்வு எழுதினால் அது முழுவதும் திரும்பும். (வங்கிக் கட்டணம் மட்டும் கழியும்.) இதற்குமேல் ஒரு ரூபாய் கேட்டாலும் திருட்டுதான்.

இன்னொரு ஆபத்து, கண். இந்த வேலைக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும். நிறம் பிரித்தறிவது, இரவுப் பார்வை எல்லாவற்றையும் சோதிப்பார்கள். “பவர் இருந்தா லேசிக் பண்ணிக்கோ, பாஸ் ஆகிடலாம்” என்று சொல்பவரை நம்பாதீர்கள். லேசிக் செய்துகொண்டவர்களுக்கு இந்தப் பதவிக்குத் தகுதியே இல்லை! கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்பே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மூன்றாவது பொய், “பகல் டியூட்டி, பக்கத்திலேயே போஸ்டிங்”. இந்த வேலையில் ஏறும் கூட்ஸ் வண்டிக்கு நிரந்தர டைம்டேபிள் கிடையாது. நடுராத்திரியிலும் அழைப்பு வரும். டியூட்டி பதியும் இடமான லாபிக்குப் போய், மது குடிக்கவில்லை என்பதற்கான மூச்சுப் பரிசோதனை முடித்துக் கையெழுத்துப் போட்டு எஞ்சினில் ஏற வேண்டும். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப் லைனில் நிற்கும் சரக்கு ரயிலைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பவர் எப்போது சிக்னல் விழும் என்று தெரியாமல் காத்திருப்பார். பல எஞ்சின்களில் கழிப்பறைகூடக் கிடையாது. ஓட்டும் நேரம் 9 மணி, டியூட்டியில் சேரும் கையெழுத்திலிருந்து முடிக்கும் கையெழுத்து வரை 11 மணி என்று விதி இருந்தாலும், அது மீறப்படுகிறது என்பதுதான் ஊழியர்களின் நெடுநாள் புகார். 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடியதும் ஓய்வுக்காகத்தான். 30 மணி நேர வார ஓய்வோடு வழக்கமான 16 மணி ஓய்வையும் சேர்த்து 46 மணி வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் பணி கூடாது என்று கேட்டார்கள். இந்த வேலையில் சொகுசு ஷிஃப்ட் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு வேலையைப் பற்றி எதுவுமே தெரியாது என்று அர்த்தம்.

ஆகவே:

* அறிவிப்பை ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியமான ஆர்.ஆர்.பி. சென்னையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள்.
* தேர்வே எழுதாமல் ஆர்டர் வந்தால் அது போலி.
* அசல் சான்றிதழ், ஆதார், ஓ.டி.பி. எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.
* ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.
* ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் பேச்சு, போன் நம்பர் எதையும் அழிக்காமல் போலீஸ் ஸ்டேஷன் போங்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று மூடி மறைத்தால், அதே ஆள் அடுத்த தெருவில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருப்பான்.