கணிதத்தில் ருசு வேண்டாமா?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வாசிக்கும் ஒரு மாணாக்கனை அழைத்து, கூம்பின் கன அளவு யாது என்று கேளுங்கள். அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவான். ஏனப்பா மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்றாக இருந்தால் என்ன குற்றம் என்று அடுத்தபடியாகக் கேளுங்கள். அவன் உபாத்தியாயர் முகத்தைப் பார்ப்பான். உபாத்தியாயர் கடிகாரத்தைப் பார்ப்பார். நாமும் பள்ளியில் இவ்வாறே படித்துத் தேறியவராதலால், பையனைக் குறைகூற நமக்கு வாயில்லை.

அளவியல் என்னும் பகுதியில் உருளை, கூம்பு, கோளம், கூம்பின் இடைக்கண்டம் என்று வடிவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம். அதை நெட்டுருச் செய்து, கொடுத்த எண்களை அதில் இட்டு, விடையைக் கோடிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். நியாயஸ்தலத்தில் ஐம்பது ரூபாய்க் கடனைக்கூட ருசுவில்லாமல் ஒப்புக்கொள்ளாத நாம், வகுப்பறையில் மட்டும் கேட்டதையெல்லாம் நம்பும்படி நம் பிள்ளைகளைப் பழக்குகிறோம். சூத்திரம் மறந்துபோவது பெரிய நஷ்டமன்று. அதிகாரமுடையவர் சொன்னார், ஆகையால் அது மெய் என்னும் வழக்கம் பதினைந்து வயதில் உள்ளத்தில் ஊறிவிடுகிறதே, அதுவே நஷ்டம். ஏழைப் பையன் ஒருவன் தன் உபாத்தியாயரோடு வாதாடி, சிபாரிசு எதுவுமின்றி வெல்லக்கூடிய சாஸ்திரம் கணிதம். அதனையும் கட்டளைச் சாஸ்திரமாக்கி வைத்திருக்கிறோம்.

இதற்குப் பரிகாரம் அடுக்களையிலேயே இருக்கிறது. வாழைத்தண்டைக் குறுக்கே நேராக நறுக்கினால் வெட்டுமுகம் வட்டம். சாய்த்து நறுக்கினால் நீள்வட்டம். கூம்பாகச் சீவிய முள்ளங்கியை அதன் சரிவுக்கு இணையாக வெட்டினால், எறிந்த கல் வானில் செல்லும் வழியாகிய பரவளையத்தைக் காணலாம். சேனைக்கிழங்கில் ஒரு கனசதுரம் செதுக்கி, எதிரெதிரான இரு மூலைகளுக்கும் நட்டநடுவே, ஆறு விளிம்புகளின் மத்தியப் புள்ளிகள் வழியாகக் கத்தியைச் செலுத்துங்கள். சதுரங்களாலேயே ஆன பொருளின் உள்ளிருந்து ஒழுங்கான அறுகோணம் வெளிப்படும். வெட்டுவதற்கு முன் அதனை ஊகிப்பவர் நாற்பது பேரில் எத்தனை பேர்? (சேனை கையை அரிக்குமென்று அஞ்சுவோர் சலவைச் சோப்பை எடுத்துக்கொள்க.)

இனி, மூன்றில் ஒன்றுக்கு வருவோம். ஒரே அடியும் ஒரே உயரமும் கொண்ட கூம்பால் மூன்று முறை மணலை அள்ளி உருளையை நிரப்பிக் காட்டுவதுண்டு. அது நல்ல சாட்சியமேயன்றி ருசுவாகாது. மூன்று முறை கொண்டதா, மூன்றுக்குச் சற்றுக் குறைவா என்று மணல் சொல்லாது. ருசு வேண்டுமாயின் ஒரு கனசதுரத்தின் மூலை ஒன்றை உச்சியாகக் கொள்ளுங்கள். அம்மூலையைத் தொடாத முகங்கள் மூன்று. அவை ஒவ்வொன்றையும் அடியாக வைத்து உச்சியோடு இணைத்தால், ஒரே அளவான மூன்று சாய்ந்த கோபுரங்கள் உண்டாகின்றன. மூன்றும் சேர்ந்தால் முழுக் கனசதுரம், இடைவெளியுமில்லை, மிச்சமுமில்லை. அட்டையும் பசையும் கொண்டு எந்தப் பையனும் ஒரு மாலையில் செய்துவிடலாம்.

அது சாய்ந்த சதுரக் கோபுரம் ஆயிற்றே, வட்டக் கூம்புக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கும் மாணாக்கனே நமக்கு வேண்டியவன். அவன் கையில் இருபது ஒரு ரூபாய் நாணயங்களைக் கொடுத்து நேராக அடுக்கச் சொல்லுங்கள். பிறகு அடுக்கைச் சரிக்கச் சொல்லுங்கள். உருவம் மாறிற்று, உலோகம் குறையவில்லை. ஒரே உயரமுள்ள இரு பொருள்களில் ஒவ்வொரு மட்டத்திலும் வெட்டுமுகப் பரப்புச் சமமானால், கன அளவும் சமம். இத்தாலியரான கவலியேரி 1635-இல் இக்கொள்கையை நூலாக்கினார்; சீனத்து ஜூ கெங் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னரே இதனைக் கையாண்டார். கூம்பானாலும் கோபுரமானாலும் உச்சியிலிருந்து பாதித் தூரத்தில் வெட்டுமுகம் அடிப்பரப்பில் கால் பங்கு. மூன்றிலொரு தூரத்தில் ஒன்பதிலொரு பங்கு. எனவே அடிப்பரப்பும் உயரமும் ஒன்றாயின் கன அளவும் ஒன்றே.

கோளமும் இந்த ஒரே கத்திக்கு அடங்குகிறது. 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தைத் தட்டையான பக்கம் கீழாக வையுங்கள். அருகில் அதே ஆரமும் உயரமும் கொண்ட உருளையை வைத்து, அதிலிருந்து தலைகீழான கூம்பு ஒன்றைக் குடைந்தெடுங்கள். இரண்டையும் 3 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டினால், அரைக்கோளத்தில் 4 ஆரமுள்ள வட்டம். அதன் வர்க்கம் 16. உருளையில் கிடைப்பது வளையம்: 25-இல் 9 போக 16. எந்த உயரத்தில் வெட்டினாலும் இச்சமம் தவறாது. ஆகவே அரைக்கோளம் என்பது உருளையில் கூம்பு போக மிகுந்தது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்துத் தம் கல்லறைமீது பொறிக்க விரும்பிய விகிதம் இதுவே.

நம் முன்னோர் கதையிலும் இதற்குப் பாடமுண்டு. அதை உள்ளபடியே சொல்ல வேண்டும். 499-இல் எழுதப்பட்ட ஆரியபடீயம், கோபுர வடிவின் கன அளவு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதி என்கிறது. அது தவறு. கோளத்துக்கு அது கூறும் விதியும் தவறு. ஆரியபடரின் பெருமைக்கு இதனால் பங்கமில்லை. ஆனால் மழுப்புவது தேசாபிமானமாகாது. 628-இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று திருத்தினார். 1150-இல் பாஸ்கரர் லீலாவதியில் கோளத்தின் விதியைச் சரியாகத் தந்தார்.

அதே லீலாவதியில் களத்து நெற்குவியலை அளக்க ஒரு விதி உண்டு: சுற்றளவில் ஆறிலொன்றை வர்க்கித்து உயரத்தால் பெருக்குக. சுற்றளவு 18 முழம், உயரம் 2 முழமாயின் 18 கன முழம். விதி எளிது, ஆனால் வட்டத்தின் சுற்றளவை விட்டத்தின் மும்மடங்காகக் கொண்டதால், உள்ளதைக் காட்டிலும் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவாக அதிகம் காட்டும். காரணம் அறிந்த வியாபாரி அதைக் கழித்து விலை பேசுவான். விதியை மட்டும் நெட்டுருச் செய்தவன் பதினேழே சொச்சத்தைப் பெற்றுக்கொண்டு பதினெட்டுக்குப் பணம் எண்ணுவான்.

பதினாறாம் நூற்றாண்டில் கேரளத்து ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷா என்னும் நூலில் கோளத்தை மெல்லிய வட்டத் தகடுகளாக அரிந்து, அவற்றைக் கூட்டிக் கன அளவை நிறுவினார். விதிகளோடு நில்லாமல் யுக்திகளையே விரித்துரைக்கும் அந்நூலை அவர் சம்ஸ்கிருதத்தில் எழுதாமல், வீட்டில் பேசும் மலையாளத்தில், வசனத்தில் எழுதினார். பக்கத்து நாட்டில் அன்று தாய்மொழியில் நடந்த காரியம், இன்று தமிழில் கலைச்சொல் போதாது என்ற சாக்குக்கு இடம் வைக்கவில்லை.

பாடங்கள் மிகுதி, நேரம் சுருக்கம், பரீட்சையோ சூத்திரத்தையே கேட்கிறது என்று உபாத்தியாயர்கள் முறையிடுகின்றனர். முதல் இரண்டுக்கும் நாம் செவிசாய்க்கிறோம்; முள்ளங்கி நறுக்க இரண்டு பாடவேளைக்கு மேல் வேண்டியதில்லை. மூன்றாவது குறை அவர்களுடையதன்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வினாத்தாள் தயாரிப்போர். அடுத்த பொதுத்தேர்வில் அவர்கள் ஒரே ஒரு வினாவை மாற்றிக் கேட்கட்டும்: கூம்பின் கன அளவு உருளையினதில் பாதி என்று ஒருவன் சாதிக்கிறான், அவனை மறுத்து வாதாடுக.